பேச்சுக்கு முந்தைய பாயசம்

எங்கள் இணக்க இல்லத்தில் ஒரே ஒரு விதிதான் கறாராக இருந்தது. முதலில் சாப்பாடு, அப்புறம்தான் பேச்சு. விவாகரத்து கேட்டு வருகிற தம்பதி எவ்வளவு அவசரத்தில் வந்தாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாலும் சரி, பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து இலையில் கை வைத்தாக வேண்டும். முதலில் பாயசம் வைப்போம். பிறகு சோறு, சாம்பார், ரசம், மோர். சமரச அலுவலர்களான நாங்களும் கூடவே உட்கார்ந்து அதையே சாப்பிடுவோம், அதுவும் விதி. சாப்பிட்டு முடித்ததும் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகே பேச்சு அறைக்குக் கூப்பிடுவோம்.

பத்தில் ஒன்பது ஜோடி ஒன்றாகவே வீட்டுக்குப் போனார்கள். போகும்போது ஒரு பை சத்துமாவு இலவசம். அப்புறம் மாதாமாதம் அது வீடு தேடி வரும், காலையும் மாலையும் கஞ்சி காய்ச்சிக் குடிக்கச் சொல்வோம். சேர்ந்த ஜோடி மறுபடி பிரிந்ததாகச் செய்தியே இல்லை. குடும்ப வழக்குகள் குறைந்துவிட்டன என்று அரசாங்கத்துக்குப் பூரிப்பு தாங்கவில்லை. திண்டுக்கல் புறவழிச்சாலையில் மூடிக் கிடந்த ஒரு நூற்பாலையை வெள்ளையடித்து ஆரம்பித்த இடம், வெளிமாநிலத்து அதிகாரிகள் வந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போகிற இடமாகிவிட்டது. அங்கே ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட மனசு அலைந்ததில்லை. இதை எழுத உட்கார்ந்து இதுவரை எத்தனை தடவை எழுந்து போனேன் என்று என் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

லோகப்பிரியா வந்த அன்றும் பந்தி வழக்கம்போலத்தான் தொடங்கியது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் கூடமொன்றில் அவளுக்கு வேலை. நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. புருஷன் கவின்ராஜ் சூரியத் தகடு பராமரிக்கிற கம்பெனியில் மேற்பார்வையாளர். அவள் இரண்டு வருஷமாகப் பிரிவு கேட்கிறாள், அவன் மாட்டேன் என்கிறான். அடித்ததில்லை, குடித்ததில்லை. அவள் வேலை பார்க்கிற இடத்து வாசலில் வந்து நிற்பான். தினமும் நிற்பான். அவள் யாரோடு சிரித்துப் பேசினாலும் அந்த ஆளுக்கு போன் போட்டு, யார் நீ, என்ன பேசினாய் என்று கேட்பான். அதிலேயே அவளுக்கு மூன்று வேலை போயிருந்தது. மகள் மிதுனாவின் பள்ளிக்கூட வாசலிலும் நிற்க ஆரம்பித்தபோதுதான் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள்.

பாயசம் வைத்தாயிற்று. கவின்ராஜ் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான். லோகப்பிரியா இலையைத் தொடவேயில்லை.

“சாப்பிடும்மா,” என்றேன்.

“இல்லக்கா. பேச்சு முடியாத எடத்துல நாங்க கை நனைக்க மாட்டோம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பந்தம் முடிவாகாமல் சாப்பிட மாட்டார்கள், பகை தீராத வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் யாருக்குத் தெரியாது இது? ஆனாலும் இல்லத்தில் யாரும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. அரசாங்கச் சோறு எதிராளி வீட்டுச் சோறு இல்லையே. எங்கோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து விதி எழுதியவர்களுக்கு, சண்டைக்காரர்களுக்கு முதலில் சோறு போடு என்று தோன்றியிருக்கிறது. சண்டை தீரும்வரை சோற்றைத் தொடாத ஜனங்களும் இருக்கிறார்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நான் அவளைக் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்போதெல்லாம் எனக்கு எதுவுமே போகட்டும்தான்.

பேச்சு அறைக்குள் நடந்தது எனக்கே புதிதாக இருந்தது.

“அவளுக்கு எது நிம்மதியோ அப்பிடியே எழுதிக்கங்க மேடம்,” என்றான் கவின்ராஜ். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. “பாப்பா அவ கூடவே இருக்கட்டும். மாசத்துக்கு ரெண்டு தடவ பாத்தாப் போதும் எனக்கு. எதுக்கு இத்தன நாளா முரண்டு புடிச்சேன்னே தெரியல.”

கையெழுத்துப் போட்டான். எழுந்து போகும்போது, “உடம்பப் பாத்துக்க லோகா,” என்றான்.

எங்கள் ஒப்பந்தத்துக்குப் பத்து நாள் கெடு உண்டு. அதற்குள் இருவரில் யார் வேண்டுமானாலும் நேரில் வந்து, தாளை வாங்கிக் கிழித்துப் போடலாம். கெடு தாண்டிவிட்டால் அது தீர்ப்புக்குச் சமம், யாராலும் அசைக்க முடியாது. கேட்டதெல்லாம் கிடைத்த பெண் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், லோகப்பிரியா முகம் வெளுத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“அவருக்கு என்னக்கா குடுத்தீங்க?”

“நீயும் பாத்துட்டுத்தானே இருந்த. சோறு.”

“ஒம்போது வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். இப்பப் பேசிட்டுப் போனது அவரு இல்ல,” என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்ததே தவிர, பயம் வரவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. பயப்பட வேண்டிய இடம் என்று புத்திக்குத் தெரிகிறது, உடம்பு மட்டும் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் காலை நூர்தீனைப் பார்க்கப் போனேன். சமையற்கட்டுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருக்கும் உணவு வேதியியல்காரர் அவர். சாதுவான மனிதர். சாப்பாட்டில் மனசுக்கு இதமான சத்து ஏதோ சேர்க்கிறோம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். என்ன சத்து என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

“டிரிப்டோபன், மேடம். அது ஒரு அமினோ அமிலம். நம்ம உடம்புல புரதம் கட்டறதுக்கு இருபது வகை அமினோ அமிலம் வேணும். அதுல ஒம்போது நம்ம உடம்பால செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுல இருந்துதான் வந்தாகணும். இது அந்த ஒம்போதுல ஒண்ணு. மூளைக்குள்ள போய்ச் சேந்தா இதுல இருந்துதான் செரோடோனின் உண்டாகுது. கோபம் அடங்கறது, தூக்கம் வர்றது, போதும்னு தோணறது, இது எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு உண்டு.”

“பால்லயும் பருப்புலயும் இருக்கறதுதானே? தெனம் சாப்பிடறோம், தெனம் சண்டையும் போடறோமே.”

“மூளைக்குப் போற பஸ்ஸு ஒண்ணுதான் மேடம். மத்த அமினோ அமிலமும் அதே பஸ்ஸுலதான் முண்டியடிச்சு ஏறும். டிரிப்டோபன் எண்ணிக்கைல கம்மி, அதுக்கு எடமே கெடைக்காது. இனிப்பு சாப்பிட்டா இன்சுலின் சுரந்து, மத்ததுல பாதியத் தசைப் பக்கம் தள்ளி விட்டுடும். அப்பக் கொஞ்சம் எடம் கெடைக்கும். அதான் பாயசத்த முதல்ல வைக்கறோம்.”

“வெறும் பாயசத்துக்கா இவ்வளவு?”

நூர்தீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இல்ல. நாங்க ஒரு நொதி சேத்திருக்கோம். அது உள்ள போனா, அந்த பஸ்ஸுல வேற யாரையும் ஏற விடாது. மொத்தமும் டிரிப்டோபன்தான். சாதாரணமா மூளைக்குப் போறதுக்குப் பல மடங்கு போகும்.”

“சத்துமாவுலயும் இதுதானா?”

“அதே நொதிதான். தெனம் குடிச்சா தெனம் அப்பிடியே இருப்பாங்க.” குரல் இறங்கியது. “எங்க அம்மாவும் அத்தாவும் கோர்ட்டு வாசல்ல ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கறதப் பாத்து வளந்தவன் மேடம் நான். வயிறு நெறஞ்சவன் சண்டை போட மாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். நான் அதக் கொஞ்சம் கூட்டினேன். அது அவ்வளவு பெரிய தப்பா?”

“ஆறு வருஷமா இத நான் ஏன் உங்ககிட்டக் கேக்கல நூர்தீன்?”

“நீங்களும்தானே சாப்பிட்டீங்க,” என்றார்.

அன்றிலிருந்து பந்தியில் உட்காருவதை நிறுத்தினேன். வீட்டிலிருந்து எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் குழாய் சொட்டுகிறது என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். அதற்கடுத்த நாள் குழாயைச் சரி செய்துவிட்டாரே என்று சண்டை போட்டேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றால் நிற்க முடியவில்லை. உடம்புக்குள் யாரோ பாத்திரம் உருட்டுகிற மாதிரி இருந்தது. கூடவே முகங்கள் வர ஆரம்பித்தன. வளர்மதி என்று ஒருத்தி. புருஷன் இஸ்திரிப் பெட்டியால் சூடு வைத்த கையை முந்தானையில் பொத்திக்கொண்டு வந்தாள். பாயசம் சாப்பிட்டாள். “அவரு பாவம்க்கா” என்று சொல்லி அவனோடேயே போனாள். சத்துமாவுப் பையை அவள் கையில் கொடுத்தது நான்தான். அவளை நினைத்து இப்போது அழுகை வந்தது, இவ்வளவு நாள் கழித்து.

கவின்ராஜ் இடையில் ஒரு நாள் வந்தான். இது பந்தியில் பார்த்த ஆள் இல்லை. கண் சிவந்து, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான்.

“எனக்கு என்னத்தையோ கலந்து குடுத்து ஏமாத்திட்டீங்கல்ல? என் பொண்டாட்டி புள்ளய எழுதி வாங்கிட்டீங்கல்ல? எடுங்க அந்தத் தாள.”

எங்கள் நிர்வாகி அருணகிரி இந்த மாதிரி நேரங்களில் பதறாதவர். பதற வழியும் இல்லை, அவர் இரண்டு இலை சாப்பிடுகிறவர். “தாள் பெட்டகத்துல இருக்கு தம்பி, சாவி வெளியூர் போயிருக்கு. திங்கக்கிழமை வாங்க. அதுவரைக்கும் இந்த மாவக் காச்சிக் குடிங்க, உடம்பு ரொம்பச் சூடாயிருக்கு,” என்று ஒரு பையை அவன் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

அவன் போனதும் என் பக்கம் திரும்பினார். “திங்கக்கிழமை அவன் வரமாட்டான். அந்தப் பொண்ணுக்கு விடுதலை, அவனுக்கு நிம்மதி. மாவ மட்டும் நாம நிறுத்தாம அனுப்பணும். இதுல யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்க வசுமதி?”

அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் அந்த ஓட்டையைத் தொட்டால் கவின்ராஜ் லோகப்பிரியாவுக்குப் போட்டுக் கொடுத்த கையெழுத்து செல்லாது. விஷயத்தை வெளியே சொன்னால் வளர்மதி மாதிரி எத்தனையோ பேர் விழித்துக்கொள்வார்கள், சரிதான். கூடவே கவின்ராஜும் விழித்துக்கொள்வான். சொல்லாமல் இருந்தால் இந்த ஒருத்தி தப்பிப்பாள்.

நூர்தீனிடமே போய்ப் புலம்பினேன். “இப்ப வர்ற கோபமும் ரசாயனம்தான் மேடம்,” என்றார். “தெனம் வெளில இருந்து கெடச்சதால உங்க மூளை சோம்பேறியாயிடுச்சு. ரெண்டு வாரம் பொறுங்க, பழைய நெலைக்கு வந்துடும். அப்ப முடிவெடுங்க.”

“ரெண்டு வாரம் பொறுத்தா கெடு முடிஞ்சுடும் நூர்தீன்.”

இந்தக் கோபம் என்னுடையதா, இல்லை பாயசம் இல்லாத குறையா? தெரியாமலேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. நேராகப் பல் செய்யும் கூடத்துக்குப் போய் லோகப்பிரியாவை வெளியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் சுவரில் சாய்ந்து கேட்டாள். “அப்ப, அவரு ஆயுசு பூராவும் அந்த மாவக் குடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் எனக்கு விடுதலை?”

“அப்பிடித்தான் ஆகுது.”

“மாவு வராத மாசம்?”

அவள் அங்கேயே கவின்ராஜுக்கு போன் போட்டாள். “அந்த மாவக் குடிக்காதீங்க,” என்றாள். “ஆமா, நான்தான் சொல்றேன். திங்கக்கிழமை வாங்க. வெறும் வயித்தோட பேசுவோம்.”

“உனக்குப் பைத்தியமா?” என்று கேட்டேன். “ரெண்டு வருஷமா கேட்டது கையில இருக்கு.”

“கையில இருக்கறது அவரு குடுத்தது இல்லியேக்கா,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நூர்தீன் எழுதிக் கொடுத்த விளக்கத்தோடு இல்லத்தின் மேற்பார்வைக் குழுவுக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்து சமையற்கட்டுக்குச் சீல் வைக்கிறோம் என்று உடனே பதில் வந்தது. என் வேலையும் அத்தோடு போகும் என்று தெரியும். அனுப்பிவிட்டு வீட்டுக்கும் மொட்டைமாடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை அருணகிரிக்குத் தலைக்கு மேல் வேலை, யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் பேச்சு அறையில் உட்கார்ந்தோம். நானே தாளை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். கவின்ராஜ் கை நீட்டும் முன்பே லோகப்பிரியா அதை எடுத்து, குறுக்கே கிழித்து, அவன் பக்கம் தள்ளினாள்.

“இது பாயசம் போட்ட கையெழுத்து. எனக்கு வேணாம். இப்பச் சொல்லுங்க.”

அவன் சொன்னான். மத்தியானம்வரை சொன்னான். அவள் இல்லாமல் வீட்டில் விளக்குப் போடப் பிடிக்கவில்லை என்றான். வாசலில் வந்து நின்றது பாசத்தில் என்றான். அவளைத் திட்டினான், அவள் அப்பாவைத் திட்டினான், என்னைத் திட்டினான். அவளும் விடவில்லை. வேலை போன ஒவ்வொரு நாளையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பக்கத்துப் பந்தியிலிருந்து நெய்யும் ஏலக்காயும் மணந்தன. மூன்று பேருக்கும் பசி. எனக்குக் காதடைத்தது.

திடீரென்று அவன் குரல் உடைந்தது. “மேடம், அந்தப் பாயசத்தக் கொண்டாங்க.”

“எதுக்கு?”

“சாப்பிட்டுட்டுக் கையெழுத்துப் போடறேன். இப்பிடி இருந்துக்கிட்டு என்னால இவள விட முடியாது. எனக்கே தெரியுது, விடணும். ஆனா முடியல. அன்னைக்கு ஒரு நாள்தான் நெஞ்சுக்குள்ள ஒண்ணும் இல்லாம இருந்துச்சு. தெனம் குடிக்கறேன், அந்த மாவ எனக்கும் மாசாமாசம் குடுங்க.”

இப்படி ஒருத்தன் கேட்பான் என்று நான் நினைக்கவேயில்லை. நாலு எட்டு வைத்தால் சமையற்கட்டு. அண்டா நிறையப் பாயசம். ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். எழுந்தும்விட்டேன்.

“நாளைல இருந்து இங்க அடுப்பு எரியாது கவின்ராஜ்,” என்றேன். “மாவும் வராது. நான்தான் எழுதிப் போட்டேன்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. லோகப்பிரியாதான் பேசினாள். அதுவரை கத்திக்கொண்டிருந்தவள், மெதுவாகப் பேசினாள்.

“விடணும்னு தெரியுதுன்னு சொன்னீங்கள்ல. காலைல இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல நீங்க. அப்ப அது யாருக்குத் தெரிஞ்சது?”

அவன் மேஜைமேல் நான் எழுதி வைத்திருந்த புதுத் தாளை இழுத்து, எங்கள் இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டான். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அந்த அறையில் நான் பார்த்த கையெழுத்துகளில் கோபத்தோடு போட்டது அது ஒன்றுதான். அதற்கும் புதிதாகப் பத்து நாள் கெடு உண்டு என்று சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னேன்.

சீல் வைத்தார்கள். அருணகிரி நீண்ட விடுப்பில் போனார். நூர்தீனைத் தினமும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மாவு நின்ற வீடுகளில் என்னென்னவோ நடந்தது. எப்படியோ என் எண் வெளியே போய்விட்டது, போன் ஓயவில்லை. “நிம்மதியா இருந்தோம், கெடுத்துட்டியே, நல்லா இருப்பியா?” என்று ஒருத்தி அழுதாள். இருபது வருஷக் குடும்பம் ஒரே வாரத்தில் போச்சு என்று ஒருவர் சபித்தார். வளர்மதி கூப்பிட்டாள். “அம்மா வீட்டுக்கு வந்துட்டேன்க்கா,” என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கும் நூர்தீன் சொன்ன இரண்டு வாரம் வந்து போனது. கோபம் கொஞ்சம் இறங்கியது, ஆனால் போகவில்லை. அது என்னுடையதுதான் போலிருக்கிறது.

கெடு முடியாத தாள்கள் இருந்ததால் என்னை மட்டும் காலி கட்டடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். லோகப்பிரியாவின் கெடுவில் கடைசி நாளன்று, மாலை நெருங்கும்போது கவின்ராஜ் வந்தான். தாடி வளர்ந்து, இளைத்திருந்தான்.

“தாளக் குடுங்க.”

கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. கொடுத்தேன். அவன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். மகளை மாதம் இரண்டு தடவை பார்க்கலாம் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தான்.

“மாவு ஒரு பொட்டலம்கூட இல்லியா?”

“ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

தாளை இரண்டு கையாலும் பிடித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தபோது தாள் மேஜையில் என் பக்கமாக இருந்தது.

“கிழிக்கத்தான் வந்தேன்,” என்றான்.

“தெரியும்.”

“நாளைக்கு வந்தா கிழிக்க முடியாதுல்ல?”

“முடியாது.”

“அப்ப நாளைக்கு வர்றேன்,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான்.